அலமாரியில் சும்மா இருந்த கைப்பை ஏன் உரிகிறது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். தீபாவளிக்கு ஆசையாக வாங்கிய கைப்பையை இரண்டு கல்யாணத்துக்குத்தான் தூக்கினாராம், அப்புறம் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டாராம். மூன்று வருடம் கழித்து எடுத்தால் மீன் செதில் மாதிரி உரிந்து சேலையெல்லாம் ஒட்டுகிறது. மாமியார் கண்பட்டுவிட்டது என்கிறாராம்.

கண் படவில்லை அக்கா, தண்ணீர் பட்டிருக்கிறது.

பை என்பது ரொம்பப் பழைய சாமான். 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,300 வருடத்துக்கு முந்தைய ஏட்சி என்ற மனிதன்கூட இடுப்பில் கன்றுத்தோல் பை வைத்திருந்தான், உள்ளே கல் கருவிகளும் நெருப்பு மூட்டும் காளானும். பெண்கள் கையில் பை வந்த கதை வேறு. ஐரோப்பாவில் பாவாடைக்கு உள்ளே பை கட்டிக்கொண்டிருந்தார்கள், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மெல்லிய ஒடுங்கிய கவுன் வந்ததும் அது புடைத்துத் தெரிந்தது, பை வெளியே வந்துவிட்டது. அதுவும் கயிறு இழுத்து மூடுவதுதான், நம் பாட்டி வெற்றிலையும் சில்லறையும் போட்டு இடுப்பில் செருகிய சுருக்குப்பைக்கு ஒன்றுவிட்ட தங்கை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். கடையில் 'பியூ லெதர்' என்று விற்பது தோலே இல்லை, துணிமேல் பூசிய பாலியூரெத்தேன். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழுவினர் உருவாக்கிய பிளாஸ்டிக் அது. மலிவு ரகங்களில் பெரும்பாலும் அதன் நீண்ட சங்கிலி நெடுக எஸ்டர் பிணைப்புகள் இருக்கும். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டரும் தண்ணீரும் என்று பள்ளியில் படித்தோமே, அந்தச் சமன்பாட்டைப் பின்னாலிருந்து படியுங்கள். தண்ணீர் புகுந்தால் எஸ்டர் உடைந்து மறுபடி அமிலமும் ஆல்கஹாலும் ஆகும்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். சங்கிலி அறுந்த முனையில் ஓர் அமிலம் உட்கார்ந்திருக்கிறது அல்லவா, இந்த வினைக்கு வினையூக்கியே அமிலம்தான்! அறுந்த கண்ணி பக்கத்துக் கண்ணியை அறுக்கத் துணை போகிறது, அது இன்னொன்றை. அதனால்தான் பை இரண்டு வருடம் ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். அப்புறம் லேசான பிசுபிசுப்பு, ஒரு வெடிப்பு, பிறகு மளமளவென்று செதில். பினாங்கின் ஈரக் காற்றும் வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், பத்து டிகிரி கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சுற்றி வைத்த பிளாஸ்டிக் உறை ஈரத்தையும் அமிலத்தையும் வெளியே விடாமல் பிடித்து வைத்தது, பத்திரப்படுத்தியதே வினையானது. எப்போதாவது போடும் சப்பாத்தின் அடிப்பாகம் திடீரென்று பொடிந்து விழுவதும் இதே கதைதான்.

பைக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் ஈரத்தைக் குடித்து நிறைந்ததும் சும்மா கிடக்கும், மாற்ற வேண்டும். துணி உறையில், காற்றாட வையுங்கள், அடிக்கடி தூக்குங்கள். இதைத் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது.

ரப்பருக்காக 1925-லேயே ஆராய்ச்சி நிலையம் வைத்த நாடு நம் மலேசியா. நம் வெக்கையில் எந்தப் பொருள் எத்தனை வருடம் தாங்கும் என்று சோதித்து அட்டையில் அச்சிட வைக்கவும் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

சரி, உரிந்த பையை என்ன செய்வது? ஒட்ட முயற்சி செய்யாதீர்கள், பாலிஷும் உதவாது. மிச்சப் பூச்சையும் தேய்த்து எடுத்துவிடுங்கள், உள்ளே இருக்கும் துணி நன்றாகத்தான் இருக்கும். மார்க்கெட்டில் கருவேப்பிலை, தேங்காய் வாங்கப் போகும்போது தூக்கலாம்.