மனநிலை அல்ல, வினைப்பாங்கு

"ஃபின்னிஷ் மொழியில் வினைச்சொல்லுக்கு நான்கு மனநிலைகள் உண்டு." போன வாரம் மறுபடியும் ஒரு தமிழாக்கத்தில் இதைப் படித்தேன். வினைச்சொல்லுக்கு ஏதய்யா மனநிலை? கட்டளை மனநிலை, நிபந்தனை மனநிலை என்று அடுக்கிக்கொண்டே போனதில், மனநல ஆலோசனைக் கையேட்டைத்தான் புரட்டுகிறோமோ என்று சந்தேகமே வந்துவிட்டது.

சொல்வது கூற்றா, கட்டளையா, நிபந்தனையா என்று காட்டும் வினை வடிவத்துக்கு ஆங்கிலத்தில் 'மூட்' என்று பெயர். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. உள்ளத்தைக் குறிக்கும் 'மூட்' பழைய ஜெர்மானியச் சொல். இலக்கணத்து 'மூட்' லத்தீன் 'மோடுஸ்' வழி வந்தது; அதன் பொருள் விதம். இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நிற்பது அந்த மொழியின் தலையெழுத்து. அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

ஃபின்னிஷ், ஹங்கேரியன், எஸ்தோனியம் அடங்கிய யூரலிக் மொழிக் குடும்பத்துக்காரர்களையே கேட்கலாமே. ஹங்கேரியர் 'இகெமோட்' என்கிறார்கள்: இகெ வினை, மோட் விதம். எஸ்தோனியர் 'கொனெவீஸ்', அதாவது பேசும் விதம். ஃபின்லாந்துக்காரர்களின் 'தபலுவொக்கா' விதங்களின் வகுப்பு. ஒருவரும் மனத்தைத் தொடவில்லை.

பேசுபவரின் ஐயத்தையும் விருப்பத்தையும் காட்டுவதால் மனநிலைதானே என்று வாதிடுவோர் உண்டு. எஸ்தோனியத்தில் 'தா ஒன் ஹைகெ' என்றால் அவருக்கு உடம்பு சரியில்லை. 'தா ஒலெவத் ஹைகெ' என்றால் உடம்பு சரியில்லையாம். நம் 'ஆம்' செய்யும் வேலையை அங்கே 'வத்' செய்கிறது. சொல்பவருக்குக் கவலையா, சந்தோஷமா? அதெல்லாம் அதில் இல்லை. செய்தி பிறர் வாய்வழி வந்தது, அவ்வளவே. புடாபெஸ்ட் காப்பிக்கடையில் 'கேரெக்' (கேட்கிறேன்) என்றாலும் காப்பிதான், நிபந்தனை வடிவத்தில் 'கேர்னேக்' என்றாலும் காப்பிதான். பின்னது கொஞ்சம் பணிவு. மனம் கேட்பது அதே காப்பி; மாறியது கேட்கும் பாங்கு.

ஃபின்னிஷில் 'துலே' என்றால் வருகிறார், 'துல்லே' என்றால் வருவார் போலிருக்கிறது. இதில் ஐயம் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். வகைகளுள் ஒன்றின் பொருளை மொத்தத்துக்கும் தலைப்பாக்கலாமா? அந்த வகையும் பேச்சில் அரிது, எழுத்தில்தான் அதிகம்.

இந்த 'மூட்'டுக்குத் தமிழில் 'நோக்கு' என்பதும் புழங்குகிறது. செயல் முடிந்ததா, தொடர்கிறதா என்று காட்டும் கூறுக்கும் சிலர் அதையே ஆள்வதால் எனக்கு உடன்பாடில்லை. ஏவல், வியங்கோள் என்று தனித்தனிப் பெயர்கள் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அவற்றுக்கு மேலே 'வினைப்பாங்கு' என்று ஒரு கூரை போட்டால் போதும். ஹங்கேரியர் சொல்லுக்கும் அச்சாகப் பொருந்துகிறது.

அந்தத் தமிழாக்கத்தில் அடுத்த வரி: "ஃபின்னிஷில் 15 வழக்குகள் உள்ளன." ஆங்கில 'கேஸ்', அதாவது வேற்றுமையைத்தான் சொல்கிறார். எந்தக் கோர்ட்டில் நடக்கின்றனவோ!