கிளியின் நாவுக்கு ஏற்ற தொடுதிரை

கைப்பேசித் திரையின் கண்ணாடிக்கு அடியில், பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடால் ஆன, கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் மிகச் சிறிய அளவு மின்னூட்டம் தேங்கி நிற்கிறது. மின்சாரத்தைக் கடத்தும் மனித விரல் அருகே வந்ததும் அந்த அளவு மாறுகிறது. மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்று கணக்கிட்டு, தொட்ட இடத்தைக் கருவி அறிந்துகொள்கிறது. எவ்வளவு அழுத்தினோம் என்பது இதில் ஒரு பொருட்டன்று.

இதே திரையைக் கிளி அலகால் கொத்தினால் பெரும்பாலும் ஒன்றும் நிகழாது. அலகின் மேலுறை நம் நகத்தைப் போலக் கெரட்டினால் ஆனது. உலர்ந்த கெரட்டின் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. நக நுனியால் மட்டும் கைப்பேசியைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கிளியின் நாக்கோ தடித்தது, தசைப்பற்று மிக்கது, எச்சிலால் நனைந்தது. கொட்டையை அலகுக்குள் புரட்டுவதற்கும் புதிய பொருளைத் தடவி அறிவதற்கும் பழகிய அந்த நாக்கே திரையின் முன் அதற்கு விரலாகிறது.

ஆனால் விரலை நினைத்து வகுத்த அளவுகள் நாவுக்குப் பொருந்துவதில்லை. இலக்கு சிறியதாகவும் தொலைவிலும் இருந்தால் அதை அடைய நேரம் கூடும் என்று அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் வகுத்த விதியே இன்றும் திரைப் பொத்தான்களை வடிவமைப்போருக்கு அடிப்படை. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா கிளைன்பெர்கரும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் இலியானா ஹிர்ஸ்கி-டக்ளஸும் உள்ளிட்ட குழு, வளர்ப்புக் கிளிகளிடம் இதைச் சோதித்து 2024-இல் முடிவுகளை வெளியிட்டது. மனிதர்களுக்குப் பொருந்தும் அளவுக்கு அவ்விதி கிளிகளுக்குப் பொருந்தவில்லை.

காரணத்தின் ஒரு பகுதி உடலமைப்பில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். நாம் விரலை நீட்டும்போது கண் இருந்த இடத்திலேயே இருக்கும். கிளி நாக்கை நீட்டத் தலையையே கொண்டு செல்ல வேண்டும், அதனுடன் கண்ணும் திரையை ஒட்டிச் செல்கிறது. போதாக்குறைக்கு, செனகல் கிளிகளின் பார்வைப் புலத்தில் அவற்றின் அலகு நுனி விழுவதே இல்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே பொத்தான்கள் பெரிதாக இருக்க வேண்டும். அடுத்தடுத்து விழும் மென்மையான தட்டல்களை மென்பொருள் ஒரே தொடுதலாகக் கொள்ள வேண்டும். நிறமும் சிக்கலானதே. நிறத்தை உணரும் கூம்பு செல்கள் மூவகை கொண்ட மனிதக் கண்ணுக்காகச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றைக் கலந்து திரை காட்டும் மஞ்சள், நால்வகைக் கூம்பு செல்கள் கொண்ட பறவைக்கு மஞ்சளாகவே தெரியும் என்பதற்கு உறுதியில்லை.

மின்னூட்டத்தை நம்பாத வழிகளும் உண்டு. திரையின் விளிம்பிலிருந்து அதன் மேற்பரப்பை ஒட்டி அகச்சிவப்புக் கதிர்களை ஓடவிட்டால், எது குறுக்கிட்டாலும், அது உலர்ந்த அலகாகவே இருந்தாலும், கருவி உணர்ந்துவிடும். அமெரிக்காவில் பால்டிமோரின் தேசிய நீர்வாழ் காட்சியகத்தில் ஓங்கில்களுக்காக (டால்பின்களுக்காக) அமைத்த திரையிலும் தொடுதலை ஒளியின் வழியாகவே கண்டறிந்தார்கள்.

இவற்றையெல்லாம் விடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு: பளபளக்கும் எதையும் நக்கிப் பார்க்கும் பறவை ஒரு படத்தைத் தொட்டால், அது விருப்பமா, வெறும் ஆர்வமா? 18 கிளிகளைக் காணொளியில் பேசவைத்து 2023-இல் வெளியான ஆய்வில், கிளி முதலில் மணியை அடித்தால்தான் மற்றக் கிளிகளின் படங்கள் கொண்ட திரை அதன் முன் வைக்கப்பட்டது. அடிக்காத நாளில் அழைப்பும் இல்லை.