‘சிவிடி ஆயிலை மாற்றவே வேண்டாம்’ என்று உங்களுக்கு யார் சொன்னது?

போன வாரம் கீழக்கரையிலிருந்து ஒரு சிவிடி கார் ரெகவரி வண்டியில் வந்து இறங்கியது. சிவிடி என்றால் பல் சக்கர கியர்களுக்குப் பதிலாக இரண்டு புல்லிக்கு நடுவே ஒரு பெல்ட் ஓடும் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி. ஓடியது 71,000 கிலோமீட்டர். டிரைவ் போட்டால் இரண்டு மூன்று விநாடி சும்மா நின்றுவிட்டு ஓர் உதறலோடு நகர்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி போகவில்லை. காருக்குச் சொந்தக்காரர் துபாயில் வேலை பார்ப்பவர், ஒரு மாத விடுப்பில் வந்திருக்கிறார்.

“காக்கா, கியர் ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்க?” என்று கேட்டேன். (காக்கா என்றால் அந்த ஊர்ப் பக்கம் அண்ணன்.)

“அத மாத்தவே வேணாமே தம்பி. ஆயுசுக்கும் அதே ஆயில்தான்னு வாங்கும்போதே சொன்னாங்க” என்றார்.

டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கியது, கருகிய வாடை. அடியில் இருக்கும் தட்டைக் கழற்றிப் பார்த்தால் காந்தத்தின் மேல் சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி படிந்திருக்கிறது. மாவு போன்ற பொடி கொஞ்சம் படிவது எல்லா வண்டியிலும் உண்டு, அதற்குத்தான் அந்தக் காந்தமே. இதை விரலில் எடுத்துத் தேய்த்தபோது சிம்பு சிம்பாக நகத்தில் குத்தியது. அப்படியென்றால் பெல்ட் வழுக்கி, புல்லியைச் சுரண்டிவிட்டது என்று அர்த்தம். இந்த நிலைக்குப் போன பெட்டியை ஆயில் மாற்றிக் காப்பாற்ற முடியாது. இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது வண்டி. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் யாருக்காக எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். 2014 முதல் வந்த ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக் (ஹைப்ரிட் தவிர), 2022க்கு முந்தைய பலேனோ ஆட்டோமேட்டிக், நிசான் மேக்னைட் சிவிடி, ஐவிடி என்று பெயர் போட்ட கியா செல்டோஸ் எல்லாம் இந்தச் சிவிடி வகை. வேகன் ஆர், செலிரியோ வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். உங்களுடையது ஏஎம்டி, சாதாரண கியர் பாக்ஸையே ஒரு மோட்டார் உங்களுக்குப் பதிலாக மாற்றிக் கொடுக்கிறது. அதன் கதை வேறு.

இப்போது அந்த ‘ஆயுள்’ விஷயத்துக்கு வருகிறேன். பல வண்டிகளின் கையேட்டில் சாதாரண ஓட்டத்துக்கு ஒரு கணக்கும், கடுமையான ஓட்டத்துக்கு வேறு கணக்கும் இருக்கும். நம் ஆட்கள் முதல் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கடுமையான ஓட்டம் என்றால் மலைமேல் ஓட்டுவது மட்டுமல்ல. வெயில், புழுதி, குட்டிக் குட்டித் தூரம், நின்று நின்று நகர்வது, ஆள் நிறைத்து ஓட்டுவது எல்லாம் அதில் சேர்த்தி. சித்திரை மாதம் பகல் இரண்டு மணிக்கு, ஏசி போட்டு, ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ராமநாதபுரத்தில் கேணிக்கரையிலிருந்து அரண்மனை வரை ஊர்ந்து போகிறோமே, அது எந்தக் கணக்கில் வரும்?

இந்தப் பெட்டியில் ஆயில் வெறும் வழவழப்புக்காக இல்லை. இரும்புப் பெல்ட்டும் இரும்புப் புல்லியும் ஒன்றை ஒன்று வழுக்காமல் பிடிப்பதே அந்த ஆயிலின் தன்மையால்தான். புல்லியை அமுக்கிப் பிடிக்கும் அழுத்தமும் அதே ஆயிலிலிருந்துதான் வருகிறது. சூட்டில் ஆயில் கெட்டால் பிடி போகும், பிடி போனால் வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடாகும்.

அதே காரணத்துக்காகத்தான் ‘எல்லா ஆட்டோமேட்டிக் ஆயிலும் ஒன்றுதான்’ என்று கையில் கிடைத்ததை ஊற்றும்போது எனக்குக் கோபம் வருகிறது. சாதாரண ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான ஆயில் வேறு வேலைக்குச் செய்தது. நிசானுக்கு என்எஸ்-3 என்றால் என்எஸ்-3தான். ஹோண்டாவிலேயே புதிய பெட்டிக்கு ஹெச்சிஎஃப்-2, அதைப் பழைய சிவிடியில் ஊற்றக்கூடாது. டப்பாவில் இருக்கும் பெயரும் கையேட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஊற்றுவதற்கு முன்னால் மூடியைத் திறக்காத டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். மெக்கானிக் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

‘ஆயில் மாத்துனதாலதான் கியர் பாக்ஸ் போச்சு’ என்றும் ஒரு பேச்சு உண்டு. வண்டி உதற ஆரம்பித்து ஆறு மாதம் கழித்து மாற்றினால் அப்படித்தான் தெரியும். போனது அதற்கு முன்னாலேயே போய்விட்டது.

நம் கடற்கரை வண்டிகளுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு 40,000 கிலோமீட்டர் அல்லது மூன்று வருடம், எது முதலில் வருகிறதோ அது. கையேடு இதைவிடச் சீக்கிரம் மாற்றச் சொன்னால் அதைக் கேளுங்கள். ஒரு தடவை போல்ட்டைக் கழற்றினால் எல்லா ஆயிலும் இறங்காது, இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் மிச்சம் தங்கும். ரொம்ப நாள் விட்ட வண்டி என்றால், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி இறக்கி ஊற்றுவேன். உள்ளே இருக்கும் வலைச் சல்லடையான ஸ்ட்ரெயினரைக் கழுவ வேண்டும், ஃபில்டரை மாற்ற வேண்டும். ஆயில் அளவை அந்த வண்டிக்குச் சொன்ன சூட்டில், ஸ்கேனரில் டிகிரி பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும், கண் மதிப்பில் அல்ல.

ரேடியேட்டரையும் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர வைப்பதும் ரேடியேட்டர் தண்ணீர்தான். தேவிபட்டினம், மண்டபம் பக்க வண்டிகளில் ரேடியேட்டரின் மெல்லிய தகட்டை நகத்தால் தொட்டாலே பொடிந்து உதிர்கிறது, அவ்வளவு உப்புக் காற்று. போதாததற்கு அதில் போர் தண்ணீரை வேறு ஊற்றுகிறார்கள். குடிக்கவே லாயக்கில்லாத உப்புத் தண்ணீர் அது. தயவு செய்து கூலண்ட் ஊற்றுங்கள்.

ஓட்டும் விதத்தில் சில. காலையில் கிளப்பியவுடன் மிதிக்காதீர்கள். வண்டி முழுக்க நின்ற பிறகுதான் ரிவர்ஸ். பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் தேங்கி நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். பிரேக் அதற்குத்தான் இருக்கிறது.

அப்புறம் தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரைக்கும் நல்ல தார் ரோடு இருக்கிறது. அதை விட்டுவிட்டு போட்டோவுக்காக மணலில் ஏன் இறக்குகிறீர்கள்? சக்கரம் மணலில் சும்மா சுற்றும், நீங்கள் இன்னும் மிதிப்பீர்கள், திடீரென்று கெட்டித் தரையோ தார் ஓரமோ பட்டுச் சக்கரம் கவ்வும். அந்த ஒரு அதிர்ச்சியில் பெல்ட் வழுக்கிப் புல்லியில் கோடு விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வீடு போய்ச் சேர்ந்து, மாதக்கணக்கில் கழித்து உதற ஆரம்பிக்கும்போது தனுஷ்கோடி யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சிக்கிவிட்டால் மிதிக்காதீர்கள். எல்லோரும் இறங்குங்கள், சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டி எடுங்கள், டயர் காற்றைக் குறையுங்கள், நாலு பேர் தள்ளட்டும். வண்டி ஓடாத நிலையில் இருந்தால் நியூட்ரலில் போட்டுக் கயிறு கட்டி ராமேஸ்வரம் வரை இழுத்து வராதீர்கள். இன்ஜின் ஓடாவிட்டால் ஆயில் பம்பு ஓடாது, உள்ளே எல்லாம் காய்ந்தபடி சுற்றும். வண்டியை முழுசாக மேலே ஏற்றும் ரெகவரி வண்டிக்குப் போன் பண்ணுங்கள். வருவதற்கு ரொம்ப நேரம் ஆகும், குழந்தைகளை நிழலில் உட்கார வைத்துவிட்டுக் காத்திருங்கள்.