ஆர்கேட் மானிட்டரில் கம்ப்யூட்டரைச் செருகும் முன்

காசு போட்டு வீடியோ கேம் ஆடும் பழைய ஆர்கேட் கேபினெட்டில் மானிட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, கேம் போர்டுக்குப் பதில் கம்ப்யூட்டரை மாட்டலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். கேபினெட்டின் அடியில் கனமாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருந்திருக்குமே, அது எங்கே? "அது எதுக்குன்னு தெரியல, கழட்டி வச்சுட்டேன்" என்று பதில் வந்தால், மேற்கொண்டு எதுவும் பேசாமல் முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிடுவேன்.

அது ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். பழைய ஆர்கேட் மானிட்டர்கள் பலவற்றில் சேஸிக்கும், அதாவது மானிட்டரின் சர்க்யூட் போர்டுக்கும், மெயின்ஸ் மின்சாரத்துக்கும் நடுவே வேறு தடுப்பே கிடையாது, அந்த வேலையைக் கேபினெட்டில் தனியாக உட்கார்ந்திருந்த இந்த இரும்புக்கட்டிதான் செய்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு மானிட்டரை நேராகச் சுவரில் செருகினால் சேஸியின் கிரவுண்டிலேயே மின்சாரம் இருக்கும். கம்ப்யூட்டரின் கிரவுண்டோ எர்த்தோடு சேர்ந்தது. வீடியோ கேபிளை மாட்டியதும் இரண்டும் ஷார்ட் ஆகும். ஃப்யூஸோடு போனால் பிழைத்தீர்கள். கிராபிக்ஸ் கார்டு போகலாம், சேஸியைத் தொட்டவர் உயிரும் போகலாம். பிற்கால மானிட்டர்கள் சிலவற்றில் இந்தத் தடுப்பு உள்ளேயே உண்டு. உங்களுடையது எந்த வகை என்று மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்து உறுதி செய்யுங்கள், ஊகிக்க வேண்டாம்.

அடுத்தது அலைவரிசை. பழைய ஆர்கேட் மானிட்டர்களில் பெரும்பாலானவை நொடிக்கு ஏறத்தாழ 15,700 கோடுகள் வரையும்படி அமைந்தவை. கம்ப்யூட்டர் சாதாரண 640x480-இல் அனுப்புவதே 31.5 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 31,500 கோடுகள், இரு மடங்கு. அடாப்டர் வாங்கிவிட்டேனே என்பார்கள். அடாப்டர் பிளக்கைப் பொருத்தும், அலைவரிசையை மாற்றாது.

இப்படி இரு மடங்கு சிக்னல் வாங்கி என் மேசைக்கு வந்த ஒரு சேஸியில் ஃப்யூஸின் கண்ணாடிக்குள் ஒரே கருப்பு, கோடுகளை வரையவைக்கும் ஹரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் முழு ஷார்ட். என்ன நடந்தது என்று கொண்டுவந்தவரிடம் கேட்டேன். படம் சாய்ந்து கிழிந்து மூன்று நான்காகத் தெரிந்ததாம், கூடவே காதைத் துளைக்கும் ஒரு விசில், அதை ஆனிலேயே விட்டுவிட்டுப் பத்து நிமிடம் செட்டிங் தேடியிருக்கிறார். அந்த விசில் கேட்டாலோ படம் அப்படிக் கிழிந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள், தேடுவதை அப்புறம் தேடலாம்.

சரி, முறையாகச் செய்வது எப்படி? அனலாக் வெளியீடு உள்ள பழைய ரேடியான் கிராபிக்ஸ் கார்டும், அதை 15 கிலோஹெர்ட்ஸில் அனுப்பவைக்கும் சிஆர்டி எமுடிரைவர் என்ற டிரைவரும் இருந்தால் 15 கிலோஹெர்ட்ஸ் படம் நன்றாகவே வரும். ஆனால் டிரைவர் வேலை செய்யத் தொடங்குவது விண்டோஸ் ஏறிய பிறகுதான், அதற்கு முன், கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் வரும் பயாஸ் திரை 31 கிலோஹெர்ட்ஸில்தான் வரும். அதனால் மானிட்டருக்கு எப்போதும் தனி சுவிட்ச் வைப்பேன், கம்ப்யூட்டர் முழுதாக எழுந்த பிறகே அதைப் போடுவேன். கம்ப்யூட்டரை ஆர்கேட் கேபினெட்டின் வயரிங்கோடு இணைக்கும் ஜே-பேக் போன்ற போர்டு நடுவில் இருந்தால் இன்னும் நிம்மதி, ஒவ்வாத சிக்னலை அதுவே தடுத்துவிடும். கம்ப்யூட்டர் தரும் வீடியோ 0.7 வோல்ட்தான், ஆர்கேட் மானிட்டர் அதைவிட அதிகம் எதிர்பார்க்கும், அந்தக் குறையையும் அது பெருக்கிச் சரிசெய்யும். இது தெரியாமல் படம் மங்கல் என்று டியூபுக்கு உயர் வோல்டேஜ் தரும் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள ஸ்க்ரீன் திருகை ஏற்றுவார்கள். கருப்பு சாம்பலாகிச் சாய்ந்த கோடுகள் தெரியும், படம் தெளியாது.

அந்தத் திருகைத் தொடக் கை உள்ளே போகும்போது பக்கத்திலேயே அந்த உயர் வோல்டேஜ் டியூபுக்குள் நுழையும் ஆனோட் மூடி இருக்கிறது, 20,000 வோல்ட் அளவு. அணைத்த பிறகும் டியூப் அந்தச் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். டிஸ்சார்ஜ் செய்யும் கம்பியை டியூபைச் சுற்றி ஓடும் பின்னல் கம்பியில் மாட்டுங்கள், சேஸியில் மாட்டாதீர்கள். இதற்கு முன் செய்ததில்லை என்றால் செய்து பழகிய ஒருவர் பக்கத்தில் நிற்கும் நாளுக்குத் தள்ளிப்போடுங்கள்.