பிரிட்டனில் 25 வயதுக்குள் இலவச மெனிங்கோகாக்கல் ஊசி: எங்கே கைநழுவுகிறது?

இங்கிலாந்துப் பள்ளிகளில் 9 அல்லது 10-ஆம் வகுப்பில் மேல்கையில் ஒரே தவணையாகப் போடும் ஊசி மென்-ஏசிடபிள்யூஒய். மூளை உறை அழற்சியையும் இரத்தத்தில் நச்சுத்தன்மையையும் உண்டாக்கும் மெனிங்கோகாக்கல் கிருமியின் ஏ, சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்கு எதிரானது. டபிள்யூ வகைக் கிருமி பரவத் தொடங்கியதும் 2015-இல் கொண்டுவந்தார்கள். பதின்பருவத்தினர் தொண்டையில்தான் இந்தக் கிருமி அதிகம் தங்குகிறது. அவர்களுக்குப் போட்டால் மற்றவர்களுக்குப் பரவுவதும் குறையும்.

பள்ளியில் தவறுவதற்கு வழக்கமான காரணம், பெற்றோர் திறக்காத சம்மதப் படிவம். அல்லது ஊசி நாளில் பிள்ளை லீவு. பிறகு கேட்டால் பள்ளி ஜிபியை (பதிவுசெய்த குடும்ப மருத்துவர்) காட்டும், ஜிபி பள்ளியைக் காட்டும். அலையாதீர்கள். பள்ளியில் தவறவிட்டவருக்கு 25-ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள்வரை உரிமை உண்டு. "வயது கடந்துவிட்டது" என்று 19 வயதுப் பிள்ளையைத் திருப்பினால், இந்த விதியைச் சொல்லி நர்ஸிடம் பேசக் கேளுங்கள்.

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ முதன்முறை அங்கே பல்கலைக்கழகம் போகிறவருக்கும் இதே வயது வரம்புதான். 24 முடியப்போகிற முதுகலை மாணவர் வந்த வாரமே ஜிபியில் பதிய வேண்டும். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம் இல்லாமல் பதிய முடியாது என்பார்கள். முடியும், அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ இல்லை என்பதற்காக மறுக்கக்கூடாது என்பது அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் விதி. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். விசாவுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டிவிட்டு, தனியார் கிளினிக்கில் இதற்கும் காசு கொடுப்பானேன்?

"ஏற்கெனவே போட்டாயிற்று" என்ற பதிலையும் அப்படியே நம்ப வேண்டாம். சிறுவயதில் போட்ட மென்-சி இதற்கு ஈடாகாது. ஹஜ் பயணத்துக்காக 10 வயதுக்கு முன் போட்ட ஏசிடபிள்யூஒய்யும் கணக்கில் வராது, மறுபடி போட வேண்டும். ஊரில் 10 வயதுக்குப் பின் போட்டிருந்தால் ஊசியின் பெயரும் தேதியும் உள்ள அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

இந்த ஊசியில் பி வகை இல்லை. பி ஊசி அங்கே கைக்குழந்தைகளுக்கு 2015 செப்டம்பரில்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்திருக்காது. ஆகவே ஊசி போட்ட மாணவருக்கும் கடும் காய்ச்சல், கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, குழப்பம் வந்தால் ஹாஸ்டல் அறையில் தூங்கவிடாமல் அவசர எண் 999-ஐ அழையுங்கள். தடிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். நம் தோல் நிறத்தில் அது எளிதில் தெரியாது. உள்ளங்கை, பாதம், கீழிமையின் உட்புறம், மேலண்ணம் ஆகிய இடங்களில் பாருங்கள். கண்ணாடி டம்ளரை அழுத்தியும் மறையாத புள்ளி என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.