நாக்கு ஒட்டிக்கொள்ளும் நேரம்

ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து பி.எட். மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு பள்ளிக்குப் போகிறேன். பாடக்குறிப்பு முழுக்க மனப்பாடம். ஆனால் எங்கள் பேராசிரியர் நோட்டோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, சாக்பீஸ் வியர்வையில் நனைகிறது, அடுத்த வரி மறந்துபோகிறது. எனக்கு இந்த வேலை சரிப்படுமா?"

சரிப்படும். நாக்கு உலர்வது பள்ளியில் படித்த சங்கதிதான். மூளையிலுள்ள அமிக்டலா 'ஆபத்து' என்கிறது, அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, எச்சில் வற்றுகிறது. வந்திருப்பது சுறாவா, சூப்பர்வைசரா என்றெல்லாம் அது நின்று விசாரிப்பதில்லை. சிலர் கண்ணேறு என்று கறுப்புக் கயிறு கட்டிவிடுவார்கள். கயிறு எச்சிலை ஊற வைக்காது.

மறதி ஏன்? "பயத்தை முகத்தில் காட்டாதே" என்று உங்களிடம் யாரோ சொல்லியிருப்பார்கள். உளவியலாளர்கள் ஜேன் ரிச்சர்ட்ஸும் ஜேம்ஸ் கிராஸும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கியவர்களுக்குக் கண்ட காட்சிகளின் விவரம் குறைவாகவே நினைவில் நின்றது. முகத்தைக் காவல் காப்பதற்கே கவனம் செலவாகிவிடுகிறது.

அப்புறம் என்னதான் செய்வது? எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. 2007-ல் மூளை ஆய்வாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர், மூளையைப் படம்பிடிக்கும் ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்குக் கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டினார்கள். சில படங்களுக்கு 'கோபம்', 'பயம்' என்று பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு சில படங்களுக்கு அந்த முகம் ஆணா பெண்ணா என்று பார்த்து, பொருந்தும் ஆள்பெயர் ஒன்றை. முகங்கள் ஒரே மாதிரி, சொல் தேடும் வேலையும் ஒரே மாதிரி. ஆனாலும் உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோதுதான் அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. நெற்றிக்குப் பின்னால் வலப்புறமுள்ள ஒரு பகுதி சுறுசுறுப்பானது. படுத்திருந்தவர்கள் மனதை அமைதிப்படுத்த முயலவே இல்லை, சொல்லைத் தேடினார்கள், அவ்வளவுதான்!

உங்கள் பாடத்தில் 'மனவெழுச்சி நுண்ணறிவு' வந்திருக்கும், அதாவது உணர்வுகளைப் புரிந்து கையாளும் திறன். 1990-ல் உளவியலாளர்கள் சலோவியும் மேயரும் முன்வைத்த கருத்து. உணர்வை இனங்காண்பதும் அதில் ஒரு முக்கியமான திறன். அதைப் பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண் விடையாக்கி வைத்திருக்கிறோம். நம் ஊர்க் கல்வியியல் ஆய்வுகளும் பெரும்பாலும் வினாத்தாளில் டிக் அடிக்கச் சொல்வதோடு முடிகின்றன. பயிற்சி மாணவர்களின் நாடித்துடிப்பை வகுப்பறையிலேயே அளக்கச் சின்னக் கருவிகள் போதும். அதற்குப் பணம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

பாம்பன் கரையில் 'காத்து அடிக்குது' என்பதோடு யாரும் நிறுத்த மாட்டார்கள். வாடையா, கொண்டலா, கச்சானா, சோழகமா என்று பார்த்துத்தான் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். நாமோ எல்லாவற்றுக்கும் 'டென்ஷன்' என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். உங்களுக்கு வந்தது குறை சொல்வாரோ என்ற பயமா, பிள்ளைகள் முன்னால் கூச்சமா, மதிப்பெண் அவர் கையில் இருக்கிறதே என்ற எரிச்சலா? அடுத்த முறை வகுப்புக்குள் நுழையும் முன் பாடக்குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் அந்த ஒரு சொல்லை எழுதிப் பாருங்கள். எந்தச் சொல் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.