நல்ல தண்ணியில் ஓடுற எஞ்சின் சூடாகாதுன்னு யார் சொன்னது?

போன வாரம் எங்கள் ரிப்பேர் ஷெட்டுக்கு ஒரு 40 ஹெச்பி அவுட்போர்டு, அதாவது போட்டுக்குப் பின்னால் மாட்டுகிற எஞ்சின், வந்தது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போய் ஃப்ளைவீலைக் கையால் அசைக்கவே முடியவில்லை. மூடியைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது, எஞ்சின் சூடானால் கத்துகிற பஸ்ஸரின் ஒயர். வெட்டி, இன்சுலேஷன் டேப் சுற்றி, ஓரமாக மடித்துக் கட்டியிருந்தது. வேலை சுத்தம்.

"ஏந்தம்பி, இது யாரு வேலை?"

"நாந்தானுங்ணா. அணைக்கு நடுவால போறப்பவெல்லாம் கத்திட்டே இருந்துச்சுங். காது பொளந்துரும்போல இருந்துச்சு. பின்னாடி தண்ணி நல்லாத்தான் பீச்சுச்சு, சென்சாருதான் போயிருச்சுன்னு நெனச்சனுங்."

இந்த வருசம் இப்படி வந்த மூன்றாவது எஞ்சின் இது. கிணற்று மோட்டார் தண்ணியில்லாமல் இரண்டு நிமிசம் ஓடினால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஸ்டார்ட்டருக்கு ஓடுகிற ஊர் நம்முடையது. போட்டு எஞ்சின் கத்தினால் மட்டும் ஏன் ஒயரைத் தேடுகிறோம்?

காரணம் ஒன்றுதான். "இது என்ன கடலா? நம்முளுது நல்ல தண்ணி, உப்பே இல்லை, எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. கடலில் உப்புப் பூக்கும், உண்மை. இங்கே வண்டல் படியும். பவானிசாகர் அணை நிறைந்திருக்கும்போது தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். மட்டம் இறங்கட்டும், அல்லது அணையில் வந்து சேருகிற மாயாற்றில் புதுத்தண்ணி வரட்டும், அதே இடத்தில் செங்காமட்டைக் கரைத்த மாதிரி இருக்கும். சூட்டைத் தணிக்க அந்தச் சேற்றைத்தான் எஞ்சின் உறிஞ்சிக் குடிக்கிறது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணி வழியில் அது களிமண் அப்பியது போலப் படிந்துவிடும். போதாதற்கு ஆகாயத்தாமரை வேர், பாலிதீன் பை, அறுந்த வலைத் துண்டு.

இதைவிடக் கொடுமை, கரைக்கு வந்ததும் "கழுவுறேன்" என்று போர் தண்ணி ஓஸை மாட்டுவது. அதை நாமே உப்புத்தண்ணி என்றுதானே கூப்பிடுகிறோம்? குளிக்கிற பக்கெட்டில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கிறதே, அது எஞ்சினுக்குள்ளும் படியும். கடல் உப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டே வீட்டு உப்பை ஊற்றுகிறீர்கள். ஆற்றுத் தண்ணியோ குடிக்கிற தண்ணியோ விட்டுப் பத்து நிமிசம் ஓட்டுங்கள்.

இனி, தம்பி சொன்னானே, எஞ்சின் பின்னால் ஓட்டை வழியாகப் பீச்சுகிற அந்தத் தண்ணி. (ஷெட்டில் நாங்கள் அந்த ஓட்டைக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.) பம்பு தண்ணியை மேலே ஏற்றுகிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. எஞ்சினின் மூலைமுடுக்கெல்லாம் தண்ணி சுற்றுகிறது என்பதற்கு அல்ல. சூடு ஏறினால் தண்ணி வழியைத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொண்டால்கூடப் பல எஞ்சின்களில் தண்ணி ஜோராகப் பீச்சும், எஞ்சின் தலை (ஹெட்) மட்டும் கொதிக்கும். தம்பியின் எஞ்சினில் நடந்தது இதுதான். தெர்மோஸ்டாட்டைச் சுற்றி விரல் கனத்துக்குச் சேறு. அதே போல, தண்ணி பீச்சவில்லை என்றால் பம்பு போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. மெல்லிய கம்பியால் ஓட்டையைக் குத்திப் பாருங்கள். ரெண்டு மாசம் நிறுத்தி வைத்த எஞ்சினில் குளவி கூடு கட்டியிருந்ததை நானே எடுத்திருக்கிறேன்.

அலாரம் அடித்தால் செய்ய வேண்டியது: த்ராட்டிலை இறக்கி நியூட்ரலுக்கு வாருங்கள். பல மாடல்களில் சூடு ஏறினால் எஞ்சின் தானே சுமார் 2000 ஆர்பிஎம்முக்கு இறங்கிவிடும். "இழுக்க மாட்டேங்குது" என்று இன்னும் முறுக்காதீர்கள், அது உங்களைக் காப்பாற்றத்தான் இறங்குகிறது. தண்ணி வருகிறதா என்று பின்னால் பாருங்கள். வரவில்லையா, அணைத்துவிட்டு எஞ்சினைத் தூக்கி, கீழே தண்ணி இழுக்கிற சல்லடையில் பை ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பாதி கேஸ் அங்கேயே முடிந்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் ஆயில் அழுத்தம் குறைந்தாலும் இதே அலாரம்தான். உடனே அணைத்து ஆயில் குச்சியைப் பாருங்கள். கொதிக்கிற எஞ்சின் மேல் பச்சைத்தண்ணியைக் கோரி ஊற்றாதீர்கள், ஹெட் கோணிப்போகும். தானாக ஆறட்டும்.

ஆட்கள் எல்லோரும் முன்பக்கம் போய் செல்ஃபி எடுத்தாலும் பின்பக்கம் தூக்கி, தண்ணிக்குப் பதில் காற்றை இழுக்கும். அப்போதும் கத்தும். இதற்கு ஸ்பேர் பார்ட் கிடையாது.

சித்திரையில் அணை வற்றியதும் போட்டைக் கரையேற்றி, நடுவில் ஒருநாள் "ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்" என்று வெறுந்தரையில் முடுக்குகிறவர்களை என்ன சொல்வது? பம்புக்குள் இருப்பது ரப்பர் இம்பெல்லர், தண்ணியைத் தள்ளுகிற இதழ்ச் சக்கரம். தண்ணியில்லாமல் சில விநாடிகளே போதும், அதன் இதழ்கள் கருகிவிடும். வருசத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். இதழ் உடைந்திருந்தால் புதுசு போட்டதோடு நிறுத்தாமல் உடைந்த துண்டுகளை எண்ணித் தேடி எடுங்கள். இல்லையென்றால் அவை மேலேறி வேறெங்காவது அடைத்து, அதே அலாரத்தோடு அடுத்த மாசம் வருவீர்கள்.

துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாமல் போகவே போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஆடிக் காத்தில் எஞ்சின் நின்றால் போட்டு எந்தக் கரையில் ஒதுங்கும் என்று சொல்ல முடியாது. மாயாற்றுப் பக்கக் கரையில் யானை, தண்ணியில் முதலை.

ஏற்கனவே ஒயரை வெட்டியிருந்தாலும் பரவாயில்லை, திட்டமாட்டேன். எஞ்சினை இறக்கும்போதே சொல்லிவிடுங்கள். எங்கே வெட்டினீர்கள் என்று தேடுவதிலேயே எனக்கு அரைநாள் போகிறது.